மெட்ராஸ் ஐ: பார்த்தால் ஒட்டுமா, தொட்டால் ஒட்டுமா?

மெட்ராஸ் ஐ வந்த வீட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கண் சிவந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். அவரோடு பேசுகிறவர்கள் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். "மாமாவ நேரா பாக்காதடா" என்று குழந்தைக்கு அதட்டல் விழும். அதே வீட்டின் குளியலறையில் முகம் துடைக்க எல்லோருக்கும் ஒரே துண்டு தொங்கும். அவருக்காக வாங்கிய சொட்டு மருந்தை, "எதுக்கும் இருக்கட்டும்" என்று மற்றவர்களும் ஆளுக்கு இரண்டு சொட்டு விட்டுக்கொள்வார்கள். ஒரு வாரம் போனதும் இன்னொருவருக்குக் கண் சிவக்கும். உடனே தீர்ப்பு வந்துவிடும்: "அன்னைக்கே சொன்னேன், பாக்காதேன்னு."

அந்த வீட்டில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. பயந்தார்கள், ஜாக்கிரதையாக இருந்தார்கள், காசும் செலவழித்தார்கள். ஜாக்கிரதையாக இருந்த இடம்தான் தப்பு.

மெட்ராஸ் ஐ பரவும் ஒவ்வொரு சீசனிலும் வாட்ஸ்அப்பில் அறிவுரைகள் வந்து குவியும். அவற்றில் எது சரி, எது புரளி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய முடியாது; அடுத்த சீசனில் புதுப் புரளி வரும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. இந்த வைரஸ் ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் கண்ணுக்கு எப்படிப் போகிறது என்பதை ஒருமுறை சரியாகத் தெரிந்துகொண்டால் போதும். பிறகு எந்த அறிவுரை வந்தாலும் ஒரே கேள்வி கேட்கலாம்: இது அந்த வழியை அடைக்கிறதா?

பச்சை மிளகாய் நறுக்கிய கை

பச்சை மிளகாய் நறுக்குகிறீர்கள். கையைக் குழாயில் லேசாக நனைத்து, கைத்துண்டில் துடைத்துவிட்டு வந்து உட்காருகிறீர்கள். அரை மணி நேரம் கழித்து ஏதோ யோசனையில் கண்ணைத் தேய்க்கிறீர்கள். அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மிளகாயைப் பார்த்ததால் கண் எரியவில்லை. அது காற்றில் பறந்து வந்தும் விழவில்லை. கையில் ஒட்டிய காரம் கை போன இடத்துக்கெல்லாம் கூடவே போனது. நடுவில் செல்போனை எடுத்திருந்தால் செல்போனிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டிருந்தால் குழந்தை அலறியிருக்கும். அந்தக் கைத்துண்டால் இன்னொருவர் முகம் துடைத்தால் அவர் கண்ணும் எரியும், அவர் சமையலறைப் பக்கமே போகாதவராக இருந்தாலும்.

மெட்ராஸ் ஐ வைரஸும் பெரும்பாலும் இதே பாதையில்தான் போகிறது. நோய் வந்தவரின் கண்ணீரிலும் பீளையிலும் வைரஸ் ஏராளமாக இருக்கும். அவர் கண்ணைத் துடைக்கிறார், கையில் ஒட்டுகிறது. அந்தக் கையால் கதவுக் கைப்பிடியையோ ரிமோட்டையோ பஸ் கம்பியையோ பிடிக்கிறார். அடுத்தவர் அதைத் தொடுகிறார், பிறகு தன் கண்ணைத் தொடுகிறார். அவ்வளவுதான், பயணம் முடிந்தது.

"நான் கண்ணையே தொடுவதில்லை" என்று நினைப்பீர்கள். 2015இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் மருத்துவ மாணவர்களை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் சராசரியாக மணிக்கு 23 முறை முகத்தைத் தொட்டிருந்தார். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான தடவைகள் கண், மூக்கு, வாய் ஆகிய இடங்களில் கை பட்டிருந்தது. தொற்றைப் பற்றிப் படிக்கிறவர்களின் கதையே இது.

மிளகாய்க்கும் வைரஸுக்கும் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. காரம் கை மாற மாறக் குறைந்துகொண்டே வரும். வைரஸ் அப்படியல்ல, போய்ச் சேர்ந்த கண்ணில் புதிதாகப் பெருகும். அதனால் நாலாவது ஆளுக்கும் முதல் ஆளுக்கு வந்த அதே வேகத்தில் வரலாம். இரண்டாவது, காரம் அந்த நொடியே எரியும். வைரஸ் நாட்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். இந்தத் தாமதம்தான் பல புரளிகளுக்குத் தாய். அதற்குப் பிறகு வருகிறேன்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கண்ணீர், கை, பொருள், கை, கண். இந்த ஐந்தும் சேர்ந்த சங்கிலியே முக்கியமான வழி. ஒரு கண்ணியை அறுத்தாலும் பரவல் நிற்கும்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது

கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடி, அப்படியே மடிந்து இமைகளின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய, நிறமற்ற தோல் ஒன்று உண்டு. அதன் பெயர் விழிவெண்படலம். கண் டாக்டர்கள் கஞ்சங்டைவா என்பார்கள். மெட்ராஸ் ஐ இந்தப் படலத்தைப் பிடிக்கும் நோய்.

வைரஸ் தானாகப் பெருகத் தெரியாத ஒரு சமாச்சாரம். உயிருள்ள செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் இயந்திரங்களை வைத்தே தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான நகல்களைச் செய்துகொள்ளும். பிறகு அந்தச் செல் சாகும், நகல்கள் பக்கத்துச் செல்களுக்குப் போகும். உடலுக்கு இது தெரிந்ததும் எதிர்ப்பு ஆரம்பிக்கிறது. படலத்தில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன, நீர் கசிகிறது. உடல் இப்படிப் போராடும்போது வரும் சிவப்பு, வீக்கம், வலி ஆகியவற்றுக்குத்தான் அழற்சி என்று பெயர்.

ஆக, நாம் பார்த்துப் பயப்படும் அந்தச் சிவப்பு நிறம் வைரஸ் அல்ல. விரிந்த ரத்தக் குழாய்கள்தான் அப்படித் தெரிகின்றன. சொட்டு மருந்து பற்றிப் பேசும்போது இது உதவும்.

கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணீராக வடியும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். சிலருக்குக் காதுக்கு முன்னால் நெறி கட்டும். சிலருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் கூடவே வரும்.

இத்தனைக்கும் பெரும்பாலும் காரணம் அடினோ வைரஸ் என்ற குடும்பம். சில சமயம் என்டெரோவைரஸ் 70, காக்சாக்கி ஏ24 என்ற வேறு இரண்டு வைரஸ்களும் ஊரையே கலக்கும். இவை வந்தால் வெள்ளை விழியில் ரத்தத் திட்டுகள்கூடத் தெரியலாம். 1969இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் இப்படி ஒரு கண்நோய் பெரிய அளவில் வெடித்தது. அப்பல்லோ விண்கலத்தில் போய் மனிதன் நிலவில் கால் வைத்த வருடம் என்பதால் அங்கே அதற்கு 'அப்பல்லோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1971இல் அது வங்காளத்துக்கு வந்தபோது வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே அந்தப் போரின் முழக்கமே அதன் பெயரானது: 'ஜொய் பாங்ளா', அதாவது 'வங்காளம் வெல்க'. நம் ஊர்க்காரர்கள் மட்டும்தான் ஊர்ப் பெயரைக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டோம்.

பெயரைச் சுற்றியே ஒரு புரளி இருக்கிறது. "1918இல் சென்னையில் அடினோ வைரஸைக் கண்டுபிடித்தார்கள், அதனால்தான் மெட்ராஸ் ஐ" என்று செய்திகளில்கூட வரும். நோய் அந்தக் காலத்தில் இங்கே இருந்திருக்கலாம், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அடினோ வைரஸை முதன்முதலாகத் தனியே பிரித்தெடுத்தது 1953இல், அமெரிக்காவில். 1918இல் அந்த வைரஸ் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆண்டோடும் ஊர்ப் பெயரோடும் வருவதாலேயே ஒரு தகவல் உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கைக்கெட்டும் உதாரணம் கிடைக்காது.

பார்வையால் பரவாது என்று எப்படித் தெரியும்?

"பார்த்தால் வராது" என்று சொல்வது எளிது. ஆதாரம் வேண்டாமா? வேண்டும். முதல் ஆதாரம் நோயாளியின் முகத்திலேயே இருக்கிறது.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் முதலில் ஒரு கண்ணில்தான் ஆரம்பிக்கும். சில நாட்கள் கழித்துத்தான் அடுத்த கண் சிவக்கும், அதுவும் பல சமயம் முதல் கண்ணைவிடக் குறைவாக. பார்ப்பதால் வருவதாக இருந்தால் இரண்டு கண்ணாலும்தானே பார்த்தீர்கள்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோயாளியைப் பார்த்தவர் யாரும் இல்லை. கையால் போகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்: தொற்றிய விரல் முதலில் ஒரு கண்ணைத் தேய்த்தது, அந்தக் கண்ணைத் துடைத்த கையோ கைக்குட்டையோ பிறகு அடுத்த கண்ணுக்குப் போனது.

அடுத்து, கண் டாக்டர்களை நினைத்துப் பாருங்கள். சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை சிவந்த கண்களை அவர்கள் பார்க்கிறார்கள்! அதுவும் நம்மைப் போல ஓரக்கண்ணால் அல்ல. விளக்கு அடித்து, பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாக, விரல்கடை தூரத்தில். பார்வையால் பரவும் நோய் என்றால் கண் ஆஸ்பத்திரிகளை இழுத்து மூடியிருக்க வேண்டும்.

ஆனால் கண் மருத்துவமனைகளில் இந்த நோய் பரவியதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பரவியிருக்கிறது, அதுதான் எனக்கு மிகப் பிடித்த ஆதாரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹவாயிலும் அமெரிக்க மேற்குக் கரையிலும் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குக் கண் சிவந்தது. 'கப்பல் தளக் கண்' என்றே பெயர் வந்துவிட்டது. வெல்டிங் பொறியும் உலோகத் தூசும் பறக்கும் இடம், ஆகவே தூசால் வரும் நோய் என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் நடந்தது வேறு. கண்ணில் தூசு விழுந்தவர்கள் தளத்தின் மருத்துவ அறைக்குப் போனார்கள். அங்கே ஒரே கைகள், ஒரே கருவிகள், ஒரே சொட்டு மருந்து பாட்டில்கள் வரிசையாக ஒவ்வொரு கண்ணையும் தொட்டன. தூசுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர் வைரஸோடு திரும்பினார். இந்த நோய்க்குக் காரணமான அடினோ வைரஸ் 8ஆம் வகை அடையாளம் காணப்பட்டது பிறகு, 1955இல்தான். வைரஸின் பெயர் தெரிவதற்கு முன்பே அது போகும் வழி தெரிந்துவிட்டது. தடுப்பதற்கு வழி தெரிந்தால் போதும்.

ஒரு சின்னத் திருத்தம் சொல்லியாக வேண்டும். அடினோ வைரஸ் தொண்டையையும் பிடிக்கும். அப்படிக் காய்ச்சல், இருமலோடு வரும் வகையில், முகத்துக்கு நேராக இருமினால் எச்சில் துளி வழியாகவும் தொற்றலாம். அதுவும் துளிதான், பார்வையல்ல.

பிறகு ஏன் ஊரே நம்புகிறது?

ஏனென்றால் பார்க்கிறவர்களுக்கு உண்மையாகவே வருகிறது. பார்த்தவருக்கு வந்தது, பார்க்காதவருக்கு வரவில்லை என்பது பொய்யான அனுபவம் அல்ல. நோயாளியைப் பார்க்கும் தூரத்தில் இருப்பவர்கள்தான் அவர் தொட்டதையும் தொடுகிறார்கள். ஒரே வீடு, ஒரே வகுப்பு, ஒரே ஆபீஸ்.

இதோடு மேலே சொன்ன தாமதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வைரஸ் உள்ளே நுழைந்ததிலிருந்து கண் சிவக்கும்வரை உள்ள இடைவெளிக்கு அரும்பும் காலம் என்று பெயர். காக்சாக்கி, என்டெரோவைரஸ் என்றால் ஒன்று முதல் மூன்று நாள். அடினோ வைரஸ் என்றால் பெரும்பாலும் 5 முதல் 12 நாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை எந்தக் கதவைப் பிடித்தோம், எந்தத் துண்டில் முகம் துடைத்தோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்? ஆனால் செக்கச் செவேல் என்றிருந்த ஒரு கண்ணைப் பார்த்தது மட்டும் மறக்காது. நினைவில் நிற்பதன் மேல் பழி விழுகிறது.

போதாததற்கு, கண் சிவப்பதற்குச் சற்று முன்பிருந்தே அந்த ஆள் வைரஸைப் பரப்ப ஆரம்பித்திருக்கலாம். அந்த நேரத்தில் அவரைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

இன்னொன்று என் சொந்த ஊகம்: சிவந்த கண்ணைப் பார்த்தாலே நமக்கும் கண் அரிப்பது போல இருக்கிறது. உடனே தேய்க்கிறோம். பார்வை நேராக நோயைத் தராவிட்டாலும் கையைக் கண்ணுக்கு அனுப்பிவைக்கிறது.

கறுப்புக் கண்ணாடியின் கதையும் இதில் அடங்கும். அது வைரஸைத் தடுக்கும் சுவர் அல்ல. நோயாளிக்கு வெளிச்சம் கூசும், அதைக் குறைக்கும். கண்ணைத் தேய்க்காமல் கொஞ்சம் ஞாபகப்படுத்தும். போடட்டும், நல்லதுதான். ஆனால் 'கண்ணாடி போட்டாச்சு' என்ற தைரியத்தில் எல்லோருக்கும் கை கொடுத்தால், கண்ணாடியைக் கழற்றிய கையும் அதே கைதான். அந்தக் கண்ணாடியை அடுத்தவர் இரவல் வாங்கிப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

சுருக்கிச் சொன்னால், பார்ப்பதும் தொற்றுவதும் ஒரே இடத்தில் நடக்கின்றன. ஒன்றால் மற்றொன்று நடப்பதில்லை. கண்ணாடி வசதிக்கு, பாதுகாப்புக்கு அல்ல.

கொரோனா கற்றுக்கொடுத்ததில் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும்

கை வழியாகத்தான் போகிறது என்றால் சானிடைசர் போதுமே என்று தோன்றும். கொரோனா காலத்துப் பழக்கம். இங்கேதான் வைரஸ்களுக்குள் இருக்கும் ஒரு வேறுபாடு நம்மைக் காலை வாரிவிடும்.

எல்லா வைரஸுக்கும் உள்ளே மரபுப் பொருளும் அதைச் சுற்றிப் புரதக் கூடும் உண்டு. கொரோனா போன்ற சில வைரஸ்களுக்கு அதற்கும் வெளியே ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. ஆல்கஹால் பட்டால் அந்த உறை சிதையும். உறை போனால் அந்த வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியாது. அதனால்தான் அங்கே சானிடைசர் அவ்வளவு நன்றாக வேலை செய்தது. அடினோ வைரஸுக்குக் கொழுப்பு உறையே கிடையாது. என்டெரோவைரஸுக்கும் காக்சாக்கிக்கும் கிடையாது. வெறும் புரதக் கூடுதான், அது முரட்டுக் கூடு. ஆல்கஹால் அதை அவ்வளவு சுலபமாக அசைக்காது.

சானிடைசர் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். வேறு வழியே இல்லாத இடத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மெட்ராஸ் ஐ சீசனில் அதை நம்பியிருக்கக் கூடாது. சோப்புப் போட்டு, இருபது விநாடியாவது நன்றாகத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவுவதுதான் சரி. சோப்பு இங்கே வைரஸைக் கொல்வதைவிட, கையிலிருந்து பெயர்த்தெடுத்துத் தண்ணீரோடு சாக்கடைக்கு அனுப்புகிறது. மிளகாய்க் கையை என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள்.

இந்த முரட்டுக் கூட்டின் இன்னொரு விளைவு, அடினோ வைரஸ் உலர்ந்த பொருட்களின் மேல் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஆய்வகச் சோதனைகளில் பிளாஸ்டிக் மேல் வாரக்கணக்கில் இருந்திருக்கிறது. 'காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை' என்று ஒரு துண்டையோ மூக்குக்கண்ணாடியையோ விட்டுவிட முடியாது. கைப்பிடிகளையும் மேசையையும் துடைக்கக் குளோரின் கலந்த பிளீச் நன்றாக வேலை செய்யும். பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

எந்த மருந்து கேட்டது?

மெட்ராஸ் ஐக்கு ஆயிரம் வைத்தியம் உண்டு. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைப்பார்கள், பன்னீர் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள், தேன் தடவுவார்கள், பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் போய்த் தாய்ப்பால் வாங்கி வருவார்கள். மருந்துக்கடையில் கேட்டால் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து கொடுப்பார்கள். "போட்டேன், சரியாப் போச்சு" என்று ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொல்ல நூறு பேர் இருப்பார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

விஷயம் என்னவென்றால், இந்த நோய் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஒன்று முதல் மூன்று வாரத்தில் சரியாகிவிடும். உடல் எதிர்ப்புச் சக்தியைத் திரட்டி வைரஸைத் துரத்திவிடுகிறது. தானாகச் சரியாகும் நோய்க்கு எதைப் போட்டாலும் அது கேட்ட மாதிரிதான் தெரியும். நாலாம் நாள் தேன் தடவி, எட்டாம் நாள் குணமானால் பெயர் தேனுக்கு. ஒரு வைத்தியம் உண்மையில் வேலை செய்கிறதா என்று தெரிய, அதைப் போட்ட கூட்டத்தையும் போடாத கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தனி ஒருவரின் அனுபவத்தில் அந்த இரண்டாவது கூட்டம் இருப்பதில்லை.

சும்மா இருக்கட்டுமே, கெடுதல் என்ன என்று கேட்கலாம். பூ, தேன், எண்ணெய், தாய்ப்பால் எதுவும் கிருமி நீக்கியவை அல்ல. ஏற்கெனவே புண்பட்டிருக்கும் படலத்தில் பாக்டீரியாவைக் கொண்டுபோய் விடலாம். தாய்ப்பாலில் எதிர்ப்புப் பொருட்கள் இருப்பது உண்மைதான். அதனால் பெரியவரின் மெட்ராஸ் ஐ குணமாகும் என்பது அதிலிருந்து வரும் முடிவல்ல.

இதில் ஒரு பாட்டி வைத்தியத்துக்கு மட்டும் பாதி மதிப்பெண் தரலாம். மஞ்சள் நனைத்த துணியைக் கையில் கொடுத்து, "இதுல மட்டும்தான் தொடைக்கணும்" என்பார்கள். மஞ்சள் இந்த வைரஸை ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் அந்த ஆளுக்கென்று ஒரு தனித் துணி கிடைத்தது, அதுவும் வேறு யாரும் எடுக்க முடியாத நிறத்தில். வழி அடைபட்டது. அந்தத் துணியைத் தினமும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் முழு மதிப்பெண்.

ஆன்டிபயாட்டிக் என்பது பாக்டீரியாவின் உறுப்புகளைக் குறிவைக்கும் மருந்து. வைரஸுக்கு அந்த உறுப்புகளே இல்லை. கெட்டியான மஞ்சள் பீளை வந்துகொண்டே இருந்தால் பாக்டீரியாத் தொற்று இருக்கலாம், அப்போது டாக்டர் கொடுப்பார். தண்ணீராக வடியும் மெட்ராஸ் ஐக்கு அதனால் லாபம் இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துக்கு. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும் மருந்து. சிவப்பு என்பது விரிந்த ரத்தக் குழாய்கள் என்று பார்த்தோமே, அதை மளமளவென்று குறைத்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் குணமான மாதிரி இருக்கும். உள்ளே உடலின் எதிர்ப்பு அடங்கியதால் வைரஸ் இன்னும் அதிக நாள் தங்கலாம், அந்த ஆள் இன்னும் அதிக நாள் பரப்பலாம். கண் சிவந்தது ஹெர்ப்பீஸ் என்ற வேறு வைரஸால் என்றால் ஸ்டீராய்டு கருவிழியையே பாழாக்கிவிடும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறும். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, தேவை என்று எழுதிக்கொடுத்தால் அது வேறு விஷயம். போன வருஷத்து பாட்டிலைக் காட்டி வாங்கி விட்டுக்கொள்வதைத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் என்னதான் செய்வது? குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமை மேல் வைக்கலாம். டாக்டர் சொல்லும் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து உறுத்தலைக் குறைக்கும். ஓய்வு. கேட்க உப்புச் சப்பில்லாமல் இருக்கும், என்ன செய்ய.

இன்னும் சில நம்பிக்கைகள்

உடம்புச் சூட்டால் வருகிறது என்பார்கள். 2022இல் தமிழகத்தில் மெட்ராஸ் ஐ பரபரப்பாகப் பரவியது நவம்பரில், வடகிழக்குப் பருவமழை நேரத்தில். 2023இல் டெல்லியிலும் மகாராஷ்டிரத்திலும் பரவியதும் மழைக்காலத்தில்தான். இளநீர் குடியுங்கள், உடம்புக்கு நல்லது. வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதும் சரியல்ல. மனிதர்களைப் பிடிக்கும் அடினோ வைரஸிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராக உடல் தயாரித்த பாதுகாப்பு இன்னொரு வகைக்கு உதவாமல் போகலாம். தடுப்பூசி? இந்தக் கண்நோய்க்குக் கிடையாது. அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்கு 4, 7 ஆகிய இரண்டு வகைகளுக்கு எதிராக மாத்திரை வடிவில் ஒரு தடுப்பு மருந்து தருகிறது, அதுவும் சுவாச நோய்க்காக.

நீச்சல் குளம் பற்றிய எச்சரிக்கை மட்டும் உண்மை. குளோரின் சரியாகப் போடாத குளத்துத் தண்ணீர் வழியாகக் காய்ச்சலோடு கூடிய கண்நோய் பரவியது பலமுறை பதிவாகியிருக்கிறது.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்

அவர் முகத்தைத் தாராளமாகப் பார்த்துப் பேசுங்கள். அவருக்கென்று தனித் துண்டு, தனித் தலையணை கொடுங்கள். தலையணை உறையைத் தினமும் மாற்றி, சோப்புப் போட்டு வெந்நீரில் துவையுங்கள். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைவிடத் தூக்கிப் போடும் டிஷ்யூ காகிதம் நல்லது; துடைத்ததும் குப்பையில் போட்டுக் கை கழுவ வேண்டும். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு காகிதம்.

கண்மை டப்பாவை அக்காவும் தங்கையும் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் நிறைய. நோய் வந்தவர் தொட்ட மையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். குழந்தைக்கு மை தீட்டும் விரலும் இதே கணக்கில் வரும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் குணமாகும்வரை போடக் கூடாது. போட்டிருந்த லென்ஸையும் அதன் டப்பாவையும் மறுபடி பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

சொட்டு மருந்து பாட்டிலை வீட்டில் பொதுவாக வைக்கவே கூடாது. மருந்து விடும்போது பாட்டிலின் நுனி இமை மயிரில் பட்டால் போதும், அடுத்து அதை விட்டுக்கொள்பவருக்கு மருந்தோடு வைரஸும் சேர்ந்து விழும். 'முன்னெச்சரிக்கைக்கு இரண்டு சொட்டு' என்பது நோயை வரவேற்று உட்காரவைக்கும் வேலை. மருந்து விட்டுவிடுகிறவர் முன்னாலும் பின்னாலும் கை கழுவ வேண்டும்.

பள்ளிக்கோ வேலைக்கோ எப்போது போகலாம்? கண்ணில் நீர் வடிந்து சிவந்திருக்கும்வரை பரப்பும் வாய்ப்பு இருக்கிறது. அடினோ வைரஸ் என்றால் இது இரண்டு வாரம்வரைகூட நீளலாம். குறைந்தபட்சம் நீர் வடிவது நிற்கும்வரை வீட்டில் இருப்பது மற்றவர்களுக்குச் செய்யும் உபகாரம். கடைக்காரருக்கும் தினக்கூலிக்காரருக்கும் இது கஷ்டம் என்று தெரியும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கையைக் கழுவிக்கொண்டே இருப்பதும், கண்ணைத் தொட்ட கையால் எதையும் நீட்டாமல் இருப்பதும்தான் அடுத்த வழி.

டாக்டரிடம் உடனே போக வேண்டிய நேரம்

உறுத்தல் அல்லாமல் நல்ல வலி இருந்தால், பார்வை மங்கினால், வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாமல் கூசினால், இமையில் கொப்புளங்கள் வந்தால், கண்ணில் அடிபட்ட பிறகு சிவந்திருந்தால், லென்ஸ் போடும் கண் என்றால், ஒரு வாரம் கழித்தும் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது. எல்லாச் சிவந்த கண்ணும் மெட்ராஸ் ஐ அல்ல. கண் அழுத்த நோயிலும் கருவிழிப் புண்ணிலும்கூடக் கண் சிவக்கும், அவற்றில் தாமதித்தால் பார்வைக்கே ஆபத்து. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் கண்ணில் பீளையும் சிவப்பும் வந்தால் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

சிலருக்கு மெட்ராஸ் ஐ ஆறிய பிறகு, இரண்டு வாரம் கழித்து, விளக்கைச் சுற்றி வட்டமோ லேசான மங்கலோ தெரியும். கருவிழியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருக்கலாம். அவை பெரும்பாலும் அந்த வைரஸின் எச்சங்களுக்கு உடல் காட்டும் எதிர்வினை. மாதக்கணக்கில் இருந்து மெல்ல மறையும், ஆனால் கண் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது அது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கண் சிவந்திருக்கிறது என்று வரவேற்பில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண் புரை அறுவை முடித்து வந்தவராக இருக்கலாம்.